பதினோராவது நாற்காலி: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் திமோர் லெஸ்தே (கிழக்குத் திமோர்) தென்கிழக்காசிய நாடுகளின் சங்கமான ஆசியானில் பதினோராவது உறுப்பினராகச் சேர்ந்ததைப் பற்றிப் போகிற போக்கில் நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களைப் பார்த்துவிட்டு, "இந்த மாதம் முழுக்க இதையே வைத்துக்கொள்ளுங்கள்" என்று ஆசிரியர் சொல்லிவிட்டார். புதிய வாசகர்களுக்காக ஒரு வார்த்தை: நான் வெளியுறவு அதிகாரி இல்லை. பட்டர்வொர்த்தில் ஃபார்வர்டிங் ஏஜெண்டாக இருந்தவள். கே1 பாரம் (சுங்க இறக்குமதிப் படிவம்) நிரப்பி, சுங்க வரி கட்டி, கண்டெய்னரைத் துறைமுகத்திலிருந்து வெளியே எடுத்துக் கொடுப்பது தொழில். அமைச்சர்கள் எங்கோ ஓர் ஊரில் கைகுலுக்கிக் கையெழுத்துப் போடுவார்கள். அது ஒருநாள் புதிய பாரமாக எங்கள் மேசைக்கு வந்து சேரும். அந்தப் பக்கமிருந்துதான் இதையெல்லாம் பார்த்துப் பழகியிருக்கிறேன்.

கேள்வி: திமோர் லெஸ்தே 2011-இல் விண்ணப்பம் கொடுத்தது. 2025 அக்டோபரில்தான் கோலாலம்பூரில் சேர்த்துக்கொண்டார்கள். பதினான்கு ஆண்டுகள்! உண்மையில் தடுத்தது யார்? யாருமே வாய் திறந்து சொல்லவில்லையே?
*– ஓய்வுபெற்ற ஆசிரியர், பிறை*

வெளிப்படையாகத் தடுத்தவர் என்று ஒருவரையும் கைகாட்ட முடியாது, ஐயா. ஆசியானில் ஓட்டெடுப்பு கிடையாது. எல்லோரும் தலையாட்டினால்தான் காரியம் நடக்கும். அதனால் பிடிக்காதவர் "முடியாது" என்று சொல்லிக் கெட்ட பெயர் வாங்க வேண்டிய அவசியமே இல்லை. "இன்னும் கொஞ்சம் ஆராயலாமே" என்றால் போதும், ஓராண்டு ஓடிவிடும். திமோருக்காக ஒரு பணிக்குழு அமைத்தார்கள். அரசியல், பொருளாதாரம், சமூகம் என்று மூன்று ஆய்வுகள் நடத்தினார்கள். பிறகு நேரில் பார்த்துவரக் குழுக்கள் போயின. இப்படியே காலம் போனது.

தயக்கத்தை ஓரளவு வெளியே காட்டியது சிங்கப்பூர். சேராதே என்று அது சொல்லவில்லை. உறுப்பினர் கடமைகளைச் செய்ய உன்னால் முடியுமா என்று கேட்டது. அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. ஆண்டுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆசியான் கூட்டங்கள் நடக்கின்றன. திமோரின் மக்கள்தொகை நம் பினாங்கு மாநிலத்தைவிடக் குறைவு. அங்கே ஆட்சிமொழிகள் தேத்தும் மொழியும் போர்த்துகீசும். ஆசியானில் வேலை நடப்பது ஆங்கிலத்தில். ஆண்டுச் சந்தாவும் எல்லா நாட்டுக்கும் ஒரே தொகைதான். இந்தோனேசியா கட்டுவதையேதான் லாவோஸும் கட்ட வேண்டும். இவ்வளவையும் அந்தச் சின்ன நாடு எப்படித் தாங்கும் என்பது வெறும் சாக்கு அல்ல. சிங்கப்பூர் கேட்டதோடு நிற்காமல் திமோர் அதிகாரிகளுக்குப் பயிற்சியும் கொடுத்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

ஆனால் ஆசியானுக்கு ஒரு பழைய சூடும் இருந்தது. 1997 ஜூலையில் லாவோஸையும் மியன்மாரையும் சேர்த்தார்கள். அது நடந்தது நம் சுபாங் ஜெயாவில். முப்பதாம் ஆண்டில் பத்து நாடும் ஒரே கூரையின் கீழ் வரவேண்டும் என்பது நம் அன்றைய பிரதமர் டாக்டர் மகாதீரின் ஆசை. மேற்கு நாடுகள் மியன்மார் வேண்டாம் என்று நெருக்கின. "எங்கள் வீட்டுக்கு யார் வரலாம் என்று நீ சொல்லாதே" என்ற வீம்பிலேயே சேர்த்துக்கொண்டார்கள். கம்போடியாவும் அன்றே வந்திருக்க வேண்டியது. அதே மாதம் ஹுன் சென் ஆட்சியைப் பிடித்ததால் 1999 ஏப்ரல் வரை வாசலில் நின்றது. மியன்மாரைச் சேர்த்ததால் வந்த தலைவலி இன்றுவரை தீரவில்லை. ஒருமுறை உள்ளே விட்டால் வெளியே அனுப்ப ஆசியான் சாசனத்தில் வழி இல்லை. சூடு கண்ட பூனை அடுத்த முறை நிதானமாகத்தானே போகும்?

இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பாத்திரம் இந்தோனேசியா. 1975-இல் திமோருக்குள் படையோடு புகுந்த நாடு. 1999 பொதுவாக்கெடுப்புக்குப் பிறகு அங்கே நடந்த எரிப்பும் கொலையும் உலகமே பார்த்தது. 2002-இல் திமோர் சுதந்திரம் பெற்றது. அப்படிப்பட்ட இந்தோனேசியாதான் 2011-இல் ஆசியான் தலைவராக இருந்தபோது திமோரை உள்ளே கொண்டுவர முன்னால் நின்றது. பாசம் என்று நினைக்காதீர்கள். ஒரே தீவைப் பங்குபோட்டு எல்லை வைத்திருக்கும் நாடு அது. திமோர் தலைநகர் டிலியில் அதிபர் மாளிகையையும் வெளியுறவு அமைச்சுக் கட்டடத்தையும் சீனா கட்டிக் கொடுத்திருக்கிறது. பக்கத்து வீடு நம் சங்கத்தில் இருந்தால் கண்ணுக்கு முன்னால் இருக்கும் என்பது ஜகார்த்தாவின் கணக்கு.

கடைசிக் கட்டத்தில் முரண்டு பிடித்தது யார் தெரியுமா? மியன்மார் ராணுவ அரசு. அதன் எதிர்த்தரப்பான தேசிய ஒற்றுமை அரசாங்கத்தோடு திமோர் தலைவர்கள் பேசினார்கள் என்று, 2023 ஆகஸ்டில் திமோர் தூதரகப் பொறுப்பாளரை நாட்டைவிட்டு வெளியேற்றியது. மேற்கு நாடுகள் வேண்டாம் என்றும் ஆசியான் சேர்த்துக்கொண்ட நாடு, தான் உள்ளே வந்தபின் அடுத்தவருக்குக் கதவைச் சாத்தப் பார்த்தது. ஆனால் அதற்குள் காலம் கடந்துவிட்டது. 2022 நவம்பரில் நோம்பெனில் கொள்கையளவில் ஒப்புதல் கிடைத்திருந்தது. 2023-இல் லாபுவான் பாஜோவில் செய்யவேண்டியவற்றின் பட்டியலும் கைக்கு வந்திருந்தது. 2025 அக்டோபர் 26-இல் திமோர் பிரதமர் ஷனானா குஸ்மாவோ கண்கலங்க மேடை ஏறினார்.

என் கருத்தைக் கேட்டால், சேர்த்தது சரி. இன்னும் பத்தாண்டு வெளியே நிறுத்தியிருந்தாலும் அவர்கள் "தயார்" ஆகியிருக்க மாட்டார்கள். உலக வாணிப நிறுவனத்தைப் பாருங்கள். திமோருக்கான பணிக்குழுவை 2016-இல் அமைத்தார்கள். வரி அட்டவணை கேட்டார்கள், சட்டத்தை மாற்றச் சொன்னார்கள், 2024 ஆகஸ்ட் 30-இல் உறுப்பினர் ஆக்கிவிட்டார்கள். என்ன செய்தால் கதவு திறக்கும் என்று சொல்லிவிட்டால் ஏழை நாடும் செய்து முடிக்கும். ஆசியான் முதல் பத்தாண்டில் அதைச் சொல்லவே இல்லை.

கேள்வி: ஆசியான் மாநாட்டுக்காகச் சாலைகளையெல்லாம் மூடி எங்கள் பிழைப்பில் மண்ணைப் போட்டார்களே. எங்களுக்கு என்ன லாபம்?
*– கிராப் ஓட்டுநர், கம்போங் பாரு*

தம்பி, அந்த நாட்களின் நஷ்டத்துக்கு எந்த ஒப்பந்தத்திலும் பதில் இல்லை. கேஎல்சிசி பக்கம் மாட்டிக்கொண்டு என் தங்கை மகனும் இதையேதான் திட்டினான்.

கேள்வி: எங்கள் கோயில் சங்கத்தில் புதிய உறுப்பினர் பாரமே கொடுக்க மாட்டார்கள். ஆள் கூடினால் தேர்தலில் தலைவருக்கு ஆபத்து. நாடுகளின் சங்கத்திலும் இதே கதைதானா?
*– வாசகி, செந்தூல்*

பாதிக் கதை அதேதான், அம்மா. உங்கள் தலைவர் பயப்படுவது ஓட்டுக்கு. ஆனால் உலக வாணிப நிறுவனம், ஆசியான் போன்ற இடங்களில் தலையை எண்ணுவதில்லை. ஒருவர் முகம் சுளித்தாலே கூட்டம் நின்றுவிடும். உங்கள் கோயிலில் பூக்கட்டும் பாட்டி ஒருத்தி "மாட்டேன்" என்றால் கும்பாபிஷேகமே தள்ளிப்போகும் என்று வைத்துக்கொள்ளுங்களேன். அந்த மாதிரி.

இதற்கு என்னிடம் ஒரு நல்ல கதை இருக்கிறது. சுங்கக்காரர்கள் கதை என்பதால் எனக்குக் கூடுதல் பிரியம். ரஷ்யா 1993-இல் விண்ணப்பம் கொடுத்தது. ஜார்ஜியா சின்ன நாடு, ஆனால் 2000-த்திலேயே உலக வாணிப நிறுவனத்தில் உறுப்பினராகிவிட்டது. 2008-இல் இரண்டுக்கும் போர் மூண்டது. தெற்கு ஒசேத்தியா, அப்காசியா ஆகிய பகுதிகள் ஜார்ஜியாவின் கையைவிட்டு முழுதாகப் போயின. போர்க்களத்தில் ரஷ்யாவை ஒன்றும் செய்ய முடியாத ஜார்ஜியா, ஜெனீவாவில் அதன் பாதையை மறித்து உட்கார்ந்தது. அது முன்வைத்த விஷயம் என்ன? அந்த இரண்டு பகுதிகளின் எல்லை வழியாகப் போகும் சரக்கை யார் பார்ப்பது, யார் பதிவு செய்வது!

வெளியிலிருந்து பார்த்தால் அற்ப விஷயம். எங்களுக்குத் தெரியும், அது அற்பமில்லை. சுங்கச் சாவடி எங்கே இருக்கிறதோ அங்கேதான் நாட்டின் எல்லை. ரஷ்ய அதிகாரி முத்திரை குத்தினால் அந்த நிலம் ரஷ்யாவின் பக்கம். ஜார்ஜிய அதிகாரி உட்கார்ந்தால் ஜார்ஜியாவின் பக்கம். கடைசியில் சுவிட்சர்லாந்து நடுவில் புகுந்து 2011 நவம்பரில் ஒரு வழி கண்டுபிடித்தது. இருவரும் வேண்டாம், நடுநிலையான மூன்றாம் தரப்பு சரக்கைக் கண்காணிக்கட்டும், தகவல் மின்னணு வழியாகப் பரிமாறப்படட்டும் என்று முடிவானது. 2012 ஆகஸ்டில் ரஷ்யா உள்ளே வந்தது. விண்ணப்பித்து பத்தொன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.

சீனாவுக்குப் பதினைந்து ஆண்டு ஆனது. அமெரிக்காவோடு 1999-இல் பேசி முடித்தார்கள், ஐரோப்பாவோடு 2000-த்தில் முடித்தார்கள். கடைசியாகக் கையெழுத்துப் போடாமல் இழுத்துப் பிடித்தது மெக்சிகோ. புதியவர் கொடுக்கும் சலுகைதான் நுழைவுக் கட்டணம். அதை வசூலிக்கிறவர்கள் ஏற்கெனவே உள்ளே இருப்பவர்கள். அவரவருக்கு வேண்டியது கிடைத்தபின்தான் கதவு அசையும்.

கேள்வி: பிரிக்ஸில் சேர 2024-இல் விண்ணப்பித்தோம். இந்தோனேசியா இப்போது முழு உறுப்பினர். நமக்கு வெறும் 'பங்காளி நாடு' என்ற இடம். இது அவமானம் இல்லையா அக்கா?
*– பல்கலைக்கழக மாணவர், கிள்ளான்*

இல்லவே இல்லை. பிரிக்ஸ் என்பது பிரேசில், ரஷ்யா, இந்தியா, சீனா, தென்னாப்பிரிக்கா என்ற ஐந்து பழைய உறுப்பினர்களைச் சுற்றி வளர்ந்த கூட்டமைப்பு. முதலில் இந்தோனேசியா கணக்கை நேர் செய்துவிடுவோம். 2023 ஆகஸ்ட் ஜோகன்னஸ்பர்க் மாநாட்டிலேயே அந்த நாட்டுக்குத் தலைவர்கள் சம்மதம் சொல்லிவிட்டார்கள். தேர்தல் முடிந்து புதிய அரசு வரட்டும் என்று காத்திருந்தது ஜகார்த்தாதான். பிரபோவோ பதவி ஏற்றார், 2025 ஜனவரி 6-இல் பிரேசில் அறிவித்தது. நாம் விண்ணப்பம் எழுதிய 2024 ஜூலையில் அவர்கள் வரிசையின் கடைசியில் நிற்கவில்லை, வாசற்படியில் காலை வைத்துவிட்டார்கள்.

உள்ளே இருக்கிறவர்களுக்குள் ஒருமித்த கருத்து இல்லை என்பதுதான் 'பங்காளி' என்ற ஏற்பாட்டுக்கே காரணம். சீனாவுக்கும் ரஷ்யாவுக்கும் கூட்டம் பெரிதானால் நல்லது. இந்தியாவும் பிரேசிலும் வேறு மாதிரி யோசிக்கின்றன. இருபது பேர் வந்தால் தங்கள் குரல் கரைந்துபோகும், மேற்கு நாடுகளுக்கு எதிரான அணி என்ற முத்திரை விழும் என்று தயங்குகின்றன. 2024 அக்டோபர் கசான் மாநாட்டில் மோடி வெளிப்படையாகவே பேசினார்: முடிவுகள் ஒருமனதாக இருக்க வேண்டும், நிறுவன உறுப்பினர்களின் கருத்தை மதிக்க வேண்டும் என்று. ஐந்து பழைய ஆட்கள் சாவியை இன்னும் இடுப்பில்தான் வைத்திருக்கிறோம் என்று அதற்குப் பொருள். எனவே முழுக் கதவைத் திறக்காமல் திண்ணையைப் பெரிதாக்கினார்கள். மலேசியா, தாய்லாந்து, கஸகஸ்தான், கியூபா என்று பதின்மூன்று நாடுகளின் பெயர் அந்தப் பட்டியலில் வந்தது. 2025 ஜனவரி 1 முதல் நாம் பங்காளி.

அவமானம் என்றால் என்ன என்று வெனிசுவேலாவைக் கேட்க வேண்டும். அதன் அன்றைய அதிபர் மடுரோ கசானுக்கே நேரில் போனார். பட்டியலில் பெயர் இல்லை. தடுத்தது பக்கத்து நாடான பிரேசில். பிரேசில் அதிபர் லூலாவும் மடுரோவும் ஒரு காலத்தில் தோளில் கை போட்டுக்கொண்டவர்கள். 2024 ஜூலைத் தேர்தலின் வாக்கு விவரங்களை மடுரோ காட்டவில்லை என்பதில் கசப்பு வந்தது. வெனிசுவேலா கோபித்துக்கொண்டு பிரேசிலிலிருந்து தன் தூதரைத் திரும்ப அழைத்தது. திமோருக்கு அண்டை நாடு கைகொடுத்ததையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எந்தச் சங்கமானாலும் முதலில் பார்க்க வேண்டியது பக்கத்து வீட்டுக்காரர் முகத்தைத்தான்.

அழைத்தும் வராதவர்களும் உண்டு. ஜோகன்னஸ்பர்க்கில் அழைக்கப்பட்டவற்றுள் அர்ஜென்டினாவும் ஒன்று. 2023 டிசம்பரில் அங்கே மிலெய் ஆட்சிக்கு வந்ததும், எங்களுக்கு வேண்டாம் என்று கடிதம் அனுப்பிவிட்டார்.

சரி, நமக்கு என்ன? என் தொழில் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். ஆசியானுக்கு ஃபார்ம் டி என்ற பாரம் உண்டு. அதைக் காட்டினால் வரி குறையும். ஆர்செப் (ஆசியானோடு சீனா, ஜப்பான் போன்றவை சேர்ந்த வாணிப ஒப்பந்தம்), சிபிடிபிபி (பசிபிக் வட்டார வாணிப ஒப்பந்தம்) ஒவ்வொன்றுக்கும் அதனதன் சான்று உண்டு. பிரிக்ஸுக்கு அப்படி ஒரு பாரமும் கிடையாது. அது தடையற்ற வாணிப ஒப்பந்தம் இல்லை, கூடிப் பேசும் இடம். பேசும் இடத்தில் நாற்காலியில் உட்கார்ந்தால் என்ன, பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்தால் என்ன? பினாங்குக்காரியாக இன்னொரு கவலையும் எனக்கு உண்டு. பாயான் லெப்பாஸில் இன்டெல் 1972-இல் வந்தது. அதன் பின்னால் வந்த தொழிற்சாலைகளில் எங்கள் வீடுகளிலிருந்து எத்தனையோ பெண்கள் ஷிஃப்ட் பஸ் ஏறிப் போயிருக்கிறார்கள். அங்கே செய்யும் சில்லுகளுக்கு அமெரிக்கா பெரிய வாடிக்கையாளர். 2025 ஜூலையில் பிரிக்ஸ் தலைவர்கள் ரியோவில் கூடியிருந்தபோதே, பிரிக்ஸ் பக்கம் சாய்கிற நாடுகளுக்குக் கூடுதலாக 10 சதவிகித வரி என்று டிரம்ப் மிரட்டினார். நம் பிரதமராக டத்தோஸ்ரீ அன்வார் அந்த நேரம் ரியோவில்தான் இருந்தார். அதே ஆண்டு அக்டோபரில் அதே டிரம்போடு கோலாலம்பூரில் வாணிப ஒப்பந்தத்தில் கையெழுத்தும் போட்டார். பங்காளி என்ற அளவில் இருந்ததால்தான் இந்த இரண்டும் ஒரே ஆண்டில் சாத்தியமானது என்பது என் எண்ணம். முழு உறுப்பினர் ஆக அவசரப்பட வேண்டாம். மாணவர்கள் இதில் என்னோடு சண்டை போடலாம், எழுதுங்கள்.

கேள்வி: நம்மை ஆண்ட பிரிட்டன், நாம் இருக்கும் பசிபிக் ஒப்பந்தமான சிபிடிபிபியில் சேர விண்ணப்பம் போட்டதாமே? படித்துச் சிரித்தேன். நாம் என்ன கேட்டு வாங்கினோம்?
*– வாசகி, ஈப்போ*

நானும் சிரித்தேன். 2021 பிப்ரவரியில் விண்ணப்பம் வந்தது, 2023 ஜூலையில் ஆக்லாந்தில் கையெழுத்தானது, 2024 டிசம்பர் 15-இல் நடைமுறைக்கு வந்தது. ஒரு காலத்தில் ஐரோப்பியச் சந்தைக்குள் வர பிரிட்டன் கேட்டபோது பிரான்ஸ் அதிபர் டி கோல் 1963-இலும் 1967-இலும் இரண்டு முறை மறுத்தார். அங்கே 1973-இல்தான் சேர முடிந்தது. பிறகு அங்கிருந்து வெளியேறி, பசிபிக் பெருங்கடலில் ஒரு கரைகூட இல்லாத நாடு என்று சொல்லும் அளவுக்குத் தூரத்திலிருந்து இந்தப் பக்கம் வந்தது. அங்கே பிரிட்டனுக்குப் பிட்கேர்ன் தீவு இருக்கிறதே என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம்.

நாம் கேட்டு வாங்கியது செம்பனை எண்ணெய். 12 சதவிகிதம் வரை இருந்த இறக்குமதி வரியைப் பிரிட்டன் எடுத்துவிட்டது. அங்குள்ள சுற்றுச்சூழல் அமைப்புகள் காடு அழியும் என்று கண்டித்தன. அவர்கள் சொல்வதில் ஒன்றுமே இல்லை என்று தள்ள மாட்டேன். ஆனால் ரப்பர் மரத்தை வெட்டிச் செம்பனை நட்ட தோட்டத்தில் பிறந்தவள் நான். காட்டை அழித்து ரப்பர் நட்டது யார் என்ற கேள்வியும் மனதில் வரத்தான் செய்கிறது.

அடுத்து வரிசையில் நிற்பவர்கள்தான் சிக்கல். 2021 செப்டம்பர் 16-இல் சீனா விண்ணப்பித்தது, 22-இல் தைவான். சீனா முதலில் உள்ளே வந்தால் தைவானுக்குக் கதவு அடைந்துவிடும். தைவானை முதலில் எடுத்தால் சீனா எல்லோரையும் பகைக்கும். உலக வாணிப நிறுவனத்தில் இதை நாள் பார்த்துச் சமாளித்தார்கள். 2001 டிசம்பர் 11-இல் சீனா, 2002 ஜனவரி 1-இல் தைவான், அதுவும் 'தனிச் சுங்கப் பகுதி' என்ற பெயரில். இங்கே அந்த வழியும் திறக்கவில்லை. ஜப்பான் தரத்தைப் பற்றிப் பேசுகிறது. 2020 முதல் தன் பார்லிக்கும் ஒயினுக்கும் சீனா போட்ட வரியில் அடிபட்ட ஆஸ்திரேலியா, கொடுத்த வாக்கைக் காப்பாற்றிய வரலாறு உண்டா என்று கேட்கிறது. மலேசியா சீனாவை வரவேற்கிறது. வரவேற்பதால் நமக்குச் செலவில்லை, ஏனென்றால் வேறு யாராவது தடுப்பார்கள் என்று நமக்குத் தெரியும்.

கேள்வி: மலேசியா யாரையாவது வாசலில் நிறுத்தியிருக்கிறதா?
*– வாசகர், தைப்பிங்*

நிறுத்தியிருக்கிறோம், நன்றாகவே. ஆஸ்திரேலியாவை. 1990-இல் டாக்டர் மகாதீர் கிழக்காசிய நாடுகளுக்கு மட்டும் ஒரு பொருளாதாரக் கூட்டு வேண்டும் என்றார். அமெரிக்காவும் ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் அதில் கிடையாது. அமெரிக்காவுக்குப் பிடிக்கவில்லை, ஜப்பான் நழுவியது. 1993-இல் சியாட்டலில் நடந்த ஏபெக் (ஆசிய-பசிபிக் பொருளாதாரக் கூட்டு) மாநாட்டுக்கு மகாதீர் போகவில்லை. அதற்கு ஆஸ்திரேலியப் பிரதமர் கீட்டிங் அவரை அடங்காதவர் என்ற பொருளில் ஒரு சொல் சொல்லப்போய், இரு நாட்டு உறவே ஆட்டம் கண்டது. ஆசிய-ஐரோப்பிய மாநாடு 1996-இல் தொடங்கியது. அதில் ஆஸ்திரேலியாவுக்கு இடம் கிடைக்க 2010 வரை ஆனது.

வேடிக்கை என்னவென்றால், 2005 டிசம்பரில் முதல் கிழக்காசிய உச்சநிலை மாநாடு கூடியது கோலாலம்பூரில். தலைமை நம் அன்றைய பிரதமர் அப்துல்லா படாவி. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, இந்தியா மூன்றும் உள்ளே உட்கார்ந்திருந்தன. சீனாவின் எடையைச் சமன் செய்ய ஆள் வேண்டும் என்று சிங்கப்பூரும் இந்தோனேசியாவும் விரும்பியது அதற்கு ஒரு காரணம். மகாதீர் அதைப் பார்த்துக் குறைபட்டுக்கொண்டார்.

கேள்வி: எங்கள் சொந்தக்காரர்கள் யாழ்ப்பாணத்தில் இருக்கிறார்கள். இலங்கை ஆசியானில் சேர வாய்ப்பு உண்டா தங்கச்சி?
*– எண்பது வயது வாசகர், சிரம்பான்*

ஆசியானில் இல்லை, அண்ணா. சாசனத்தின் 6-ஆம் பிரிவு தென்கிழக்காசியாவில் இருக்கும் நாடு என்று நிபந்தனை வைத்துவிட்டது. 1967-இல் ஆசியான் உருவானபோது இலங்கையையும் சேர்க்கும் பேச்சு இருந்தது. அந்தக் கதவு அப்போதே போய்விட்டது. ஆனால் அந்த ஆண்டு ஆகஸ்ட் 8-இல் பாங்காக்கில் சிங்கப்பூர் சார்பில் கையெழுத்துப் போட்ட எஸ். ராஜரத்தினம் யாழ்ப்பாணத்தில் பிறந்து உங்கள் சிரம்பானில் வளர்ந்தவர். அந்தப் பெருமையை நீங்கள் எடுத்துக்கொள்ளலாம்.

இலங்கைக்கு வழி ஆர்செப். அதற்கு விண்ணப்பம் கொடுத்திருக்கிறது. அங்கே நிலவரைபடம் தடையில்லை. அந்த ஒப்பந்தத்தில் பேசிப் பேசி 2019 நவம்பரில் கடைசி நேரத்தில் இந்தியா விலகிக்கொண்டது. இந்தியாவுக்காக மட்டும் ஒரு சிறப்பு வாசலைத் திறந்தே வைத்திருக்கிறார்கள்: மற்றவர்கள் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்து பதினெட்டு மாதம் (2023 ஜூலை வரை) காத்திருக்க வேண்டியிருந்தது, இந்தியா எப்போது வேண்டுமானாலும் வரலாம். வேண்டியவர் என்றால் விதியையே வளைப்பார்கள் என்பதற்கு எழுத்திலேயே சாட்சி.

கேள்வி: நான் மசாலாத்தூள் தயாரிக்கிறேன். டிலியில் ஒருவர் வாங்கக் கேட்டிருக்கிறார். திமோர் ஆசியானில் சேர்ந்துவிட்டதே, இனி ஃபார்ம் டி போட்டால் வரி இல்லையா?
*– சிறு வியாபாரி, பட்டர்வொர்த்*

இதுதான் எனக்குப் பிடித்த கேள்வி. அவசரப்படாதீர்கள். சங்கத்தில் சேர்வது வேறு, சரக்கு ஒப்பந்தம் நடைமுறைக்கு வருவது வேறு. வியட்நாம் 1995-இல் சேர்ந்தது. அதன் வரிகள் ஒவ்வொரு படியாக இறங்கி, கடைசிப் பொருட்கள் பூஜ்ஜியத்துக்கு வர 2018 ஆனது. திமோரும் வரி அட்டவணை கொடுத்து, தன் சுங்க இலாகாவில் சான்றைச் சரிபார்க்க ஆளைப் பழக்கி, அப்புறம்தான் உங்கள் ஃபார்ம் டிக்கு மதிப்பு.

ஆள் பழக்கம் என்றால் என்ன என்பதை நான் பார்த்திருக்கிறேன். வியட்நாம் சேர்ந்த புதிதில் ஒரு கண்டெய்னர் காலணி வந்தது. ஃபார்ம் டி சுத்தமாக இருந்தது. சுங்க அதிகாரி தன் கோப்பைத் திறந்து, வியட்நாம் அனுப்பியிருந்த மாதிரிக் கையெழுத்துகளோடு ஒப்பிட்டார். அந்தச் சான்றில் கையெழுத்திட்டவர் பெயர் கோப்பில் இல்லை. புதிதாக வேலைக்கு வந்தவர், அவருடைய மாதிரி இன்னும் மலேசியாவுக்கு வந்து சேரவில்லை. முழு வரிக்கும் வங்கி உத்தரவாதம் கட்டித்தான் சரக்கை எடுத்தோம். பணம் திரும்ப வரும்வரை காலணி முதலாளி தினமும் போன் போட்டு என்னைத்தான் வைதார்.

அதனால் இப்போது செய்ய வேண்டியது இது. டிலி வியாபாரியை அங்குள்ள சுங்கத்தில் எழுத்தாகக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள்: எந்த வரி, எந்தச் சான்று. சரக்கு பெரும்பாலும் சிங்கப்பூரிலோ சுரபாயாவிலோ கப்பல் மாறித்தான் டிலி பக்கத்துத் திபார் துறைமுகம் போகும். அதனால் முழுப் பயணத்துக்கும் ஒரே பில் ஆஃப் லேடிங் (கப்பல் சரக்குச் சீட்டு) எடுங்கள். அப்புறம் உங்கள் தூளில் என்ன கலக்கிறீர்கள் என்று பாருங்கள். மல்லி, மிளகாய், மஞ்சள், சீரகம் மட்டும் என்றால் எச்.எஸ். எண் (சுங்க வகைப்பாட்டு எண்) 0910.91-இல் போகும். உப்பு, மாவு, சுவையூட்டி என்று நிறைய சேர்த்து மசாலாவின் தன்மையே மாறிவிட்டால் 2103-க்குத் தள்ளிவிடுவார்கள், வரியும் மாறலாம். பாக்கெட்டின் பின்பக்கத்தை ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.